ஆட்சி மாறிவிட்டது, முன்னாள் அமைச்சர் மீது வழக்குத் தொடர அனுமதி தேவையில்லையா?

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் 2019-ல் போட்ட சாலையின் ஒப்பந்தம், அப்போதைய அமைச்சரின் மைத்துனர் பங்குதாரராக உள்ள நிறுவனத்துக்குப் போனது. இரண்டு மழைக்கே சாலை பெயர்ந்துவிட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் அமைச்சர் குடும்பத்தின் பெயரில் நிலமும் நிறையச் சேர்ந்திருக்கிறது. இப்போது அவர் பதவியில் இல்லை. பதவி போனவர் மீது வழக்குத் தொடர அரசு அனுமதி வேண்டாம் என்கிறார்கள். சாதாரண ஆளாக நான் என்ன செய்யலாம்?

பதில்: அனுமதி வேண்டாம் என்பது 2018 வரைதான் சரி. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு அதுவரை பதவியில் இருப்பவருக்கு மட்டுமே கவசமாக இருந்தது. 2018 ஜூலை 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் பதவியில் இருந்தவருக்கும் அந்தக் கவசத்தை மாட்டிவிட்டது. அமைச்சராக இருந்தவர் என்றால் ஆளுநரின் அனுமதி வேண்டும். அதே திருத்தம் 17ஏ என்ற புதுப் பிரிவையும் சேர்த்தது. அலுவல் முறையில் எடுத்த முடிவையோ செய்த பரிந்துரையையோ போலீஸ் விசாரிக்கத் தொடங்கவே முன் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு மூன்று மாத அவகாசம், காரணம் எழுதி இன்னும் ஒரு மாதம் நீட்டலாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் கலந்து கிடக்கின்றன. முதல் வேலை அவற்றைப் பிரிப்பதுதான். டெண்டர் அலுவல் முடிவு, அங்கே 17ஏ குறுக்கே வரும். நிலம் வாங்கிக் குவிப்பது அலுவல் முடிவு அல்ல, வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்குக்கு 17ஏ பொருந்தாது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், டெண்டர் பகுதி ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போது சொத்துப் பகுதியும் சேர்ந்து தூங்கும். தனித்தனி மனு கொடுங்கள்.

டெண்டர் புகாரில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய 13(1)(டி) பிரிவின் கீழ், பதவியைத் தவறாகப் பயன்படுத்தி யாருக்காவது பண ஆதாயம் தேடித் தந்தாலே குற்றம். 2018 திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. உங்கள் ஒப்பந்தம் 2019-ஐச் சேர்ந்தது என்பதால் அது உங்களுக்குக் கைகொடுக்காது. உறவினருக்கு ஒப்பந்தம் போனது என்பது மட்டும் போதாது. 7-வது பிரிவின்படி அமைச்சர் தனக்கோ வேறொருவருக்கோ முறையற்ற ஆதாயம் பெற்றார், அல்லது 13(1)(ஏ)-ன்படி அவர் பொறுப்பில் இருந்த பணமோ சொத்தோ மோசடியாகக் கையாடப்பட்டது என்று காட்ட வேண்டும். டெண்டர் கோப்பில் பெரும்பாலும் பொறியாளர் கையெழுத்துதான் இருக்கும். ஒப்பந்ததாரருக்குப் பில் பணம் போன தேதியையும் அமைச்சர் குடும்பத்தார் கிரயம் செய்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் நிராகரிப்பார்கள், நகல் கேளுங்கள்: டெண்டர் அறிவிப்பு, விலை ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, பில், தரச் சோதனை அறிக்கை, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். தமிழ்நாடு டெண்டர் விதிகளின்படி டெண்டர் சமர்ப்பிக்க 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேல் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்திருக்க வேண்டும், அந்தத் தாளையும் கேளுங்கள். எம்-புக்கில் நீளம், அகலம், கனம் வரிசையாக இருக்கும். மூன்று கிலோமீட்டர் சாலைக்கும் ஒரே நாளில் ஒரே கனம் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சொத்துப் புகாருக்கு அடிப்படை, தேர்தலில் அவர் தாக்கல் செய்த படிவம் 26, அதாவது சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களின் பிரமாணப் பத்திரங்களை ஒப்பிடுங்கள். நிலங்களுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் பாருங்கள். கணக்கு இதுதான்: கால முடிவில் உள்ள சொத்திலிருந்து தொடக்கச் சொத்தைக் கழித்து, செலவைக் கூட்டி, வருமானத்தைக் கழிக்க வேண்டும். தொடக்கம் 80 லட்சம், முடிவு 4 கோடி, செலவு 60 லட்சம், வருமானம் 1.5 கோடி என்றால் கணக்கில் வராதது 2.3 கோடி. அது வருமானத்தில் 153 சதவீதம்.

கூட்டலில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கே சாட்சி. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், மிகுதிச் சொத்து வருமானத்தில் 8.12 சதவீதம்தான், பொறுத்துக்கொள்ளக்கூடிய 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று விடுவித்தது. தீர்ப்பில் வருமானத்தோடு சேர்த்த கடன் மொத்தம் 24.17 கோடி என்றிருந்தது. அதே பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வந்தது. 13.5 கோடி ரூபாய் வித்தியாசம்! 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தபோது அவர் உயிரோடு இல்லை. உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவருக்கும் நான்காண்டுச் சிறை உறுதியானது. ஆகவே உங்கள் கணக்குத் தாளில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே ஆவண எண்ணை எழுதுங்கள், இன்னொருவரைக் கொண்டு கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மனுவைச் சென்னை ஆலந்தூரில் உள்ள லஞ்ச ஒழிப்புத் துறைத் தலைமையகத்துக்குப் பெயர், முகவரியோடு பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அசைவில்லை என்றால் சிறப்பு நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போடலாம். தனிநபர் நேராக ஆளுநரிடம் போய் 19-வது பிரிவு அனுமதி கேட்க முடியாது. முதலில் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாகி, அது தள்ளுபடியாகாமல், அனுமதி வாங்கி வரும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறியதாலேயே மனுக்கள் திரும்பிவிடும். தனி ஆளால் என்ன ஆகும் என்று தயங்க வேண்டாம். மேலே சொன்ன வழக்கு, 1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி நீதிமன்றத்தில் கொடுத்த தனிநபர் புகாரிலிருந்து தொடங்கியதுதான்.

காலம் கடந்துவிட்டதோ என்ற கவலையும் வேண்டாம். மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கால வரம்பு கிடையாது, சொத்துக் குவிப்புக்குத் தண்டனை நான்கு முதல் பத்தாண்டு வரை.

மனுவை முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டம் விலக்குத் தருகிறது, பொதுவெளிப் பதிவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.