அதே கவனச்சிதறல்தானா, இல்ல வேற ஏதாச்சுமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 19 வயசு. ரெண்டாம் கிளாஸ்லயே ஏ.டி.எச்.டி.ன்னு, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கற பிரச்சினைன்னு சொன்னாங்க, இப்பவும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை போடுறான். நாலு மாசமா காலேஜ் போகல, ரூமுக்குள்ளயே கிடக்கான், பக்கத்து வீட்டுல தன்னப் பத்தியே பேசுறாங்கங்கறான். அம்மா என்னடான்னா "அவன் சின்னதுல இருந்தே இப்படித்தான"ங்கறாங்க. ஏ.டி.எச்.டி. முத்திப்போனா ஸ்கிசோஃப்ரீனியா ஆயிடுமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: முத்திப்போய் இன்னொண்ணா மாறாதும்மா. ஸ்கிசோஃப்ரீனியாங்கறது இல்லாதத நிஜம்னு நம்ப வைக்கற, இல்லாத குரல் கேக்க வைக்கற மனநோய். ரெண்டும் வேற வேற, ஆனா ஒரே ஆளுக்கு ரெண்டுமே வரலாம். 2013-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வுல ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., பைபோலார், டிப்ரஷன், ஸ்கிசோஃப்ரீனியா அஞ்சுக்கும் சில மரபணு மாற்றங்கள் பொதுவா இருக்குன்னு சொன்னாங்க. அதுக்காக பயந்துடாதீங்க, ஏ.டி.எச்.டி. இருக்கற பெரும்பாலானவங்களுக்கு ஸ்கிசோஃப்ரீனியா வர்றதே இல்ல.

குழப்பம் எங்க வருதுன்னா, கவனம் நிக்காதது, மறதி, ஆரம்பிச்ச வேலைய அப்படியே போட்டுட்டுப் போறது எல்லாம் ரெண்டுலயும் உண்டு. ஆனா ஏ.டி.எச்.டி. 12 வயசுக்குள்ளயே தெரிஞ்சிடும், ஸ்கிசோஃப்ரீனியா பெரும்பாலும் டீன்ஏஜ் கடைசியிலயோ இருபதுகள்லயோதான் தலைகாட்டும், அதுவரைக்கும் ஏதோ ஓட்டிட்டிருந்த பையன் திடீர்னு ஒதுங்குவான், குளிக்க மாட்டான், சந்தேகப்படுவான். ஏ.டி.எச்.டி. பையன் பாடம் நடக்கறப்ப ஜன்னல்ல காக்காவ வேடிக்கை பாப்பான், ஸ்கிசோஃப்ரீனியாவுல அந்தக் காக்கா தனக்கு மட்டும் ஏதோ சேதி சொல்லுதுன்னு நம்புவான். அம்மா சொல்ற "இப்படித்தான"ல பக்கத்து வீட்டுப் பேச்சு சேராது, அது புதுசு.

அந்த மாத்திரையையும் கணக்குல எடுக்கணும். அது மூளையில டோபமைன்ங்கற ரசாயனத்த கூட்டும், சைக்கோசிஸுக்கு, அதாவது நிஜம் எது நினைப்பு எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாத நிலைக்குக் குடுக்கற மருந்து டோபமைன தடுக்கும், நேரெதிர். 13-லிருந்து 25 வயசுக்காரங்கள வெச்சு 2019-ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல, இந்த வகை மாத்திரை ஆரம்பிச்சவங்கள்ல சுமார் 660 பேர்ல ஒருத்தருக்கு புதுசா சைக்கோசிஸ் வந்திருந்துச்சு. அபூர்வந்தான், இவன் வேற பல வருஷமா போடுறான், ஆனாலும் எழுதிக்குடுத்த டாக்டருக்கு இன்னிக்கே போன் போடுங்க, தொடரலாமா நிறுத்தலாமான்னு அவர் சொல்லட்டும். கஞ்சா பழக்கம் இருக்கான்னும் திட்டாம கேளுங்க, அதுவும் இப்படிக் கொண்டுவிடும்.

அவன்கிட்ட "யாரும் பேசலடா"ன்னு மல்லுக்கு நிக்காதீங்க, பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க. இந்த வாரமே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, வரமாட்டேன்னா 14416 டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண்ல பேசுங்க, இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க. தன்னையோ அடுத்தவங்களையோ ஏதாச்சும் பண்ணிக்குவான்னு தோணுச்சுன்னா காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரி. போறப்ப பழைய மருந்துச்சீட்டு, ஸ்கூல் ரிப்போர்ட், எந்த மாசத்துல இருந்து மாறினான்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, அம்மாவையும் கூடவே.