‘தொண்டையில் ஒன்றுமில்லை’ என்றார்கள். பாடகியின் குரல் மட்டும் தேய்வது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. 40 ஆண்டுகளாகக் கர்நாடக இசைக் கச்சேரி செய்கிறவர். சுருதி (பாடும் ஆதார உயரம்) ஐந்தரைக் கட்டை. ஒன்றரை வருடமாக மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’) தாண்டினால் குரலுக்குப் பதில் காற்றுதான் வருகிறது. பிருகா (ஸ்வரங்களை வேகமாக உருட்டிப் பாடுவது) மங்கிவிட்டது. காது-மூக்கு-தொண்டை மருத்துவர் வாய்வழியாகக் கருவி விட்டுப் பார்த்து, ‘கட்டி, முடிச்சு எதுவும் இல்லை, அசிடிட்டிதான்’ என்று மாத்திரை கொடுத்தார். 3 மாதம் சாப்பிட்டும் பலனில்லை. ‘கேட்கலம்மா’ என்றால், ‘கத்தித்தானே பேசறேன்’ என்று கோபித்துக்கொள்கிறார். சிஷ்யைகளின் நோட்டில் அவர் எழுதித் தரும் ஸ்வரங்கள் எறும்பு வரிசைபோலச் சிறுத்துவிட்டன. ரசம் தாளிக்கும் வாசனைகூடத் தெரிவதில்லை. எப்போதாவது தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறது. டிசம்பரில் ஒரு சபாவில் கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறார். பாடலாமா? அதிமதுரம் தரலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் பாதியைவிட இரண்டாம் பாதிதான் முக்கியம். எழுத்து சிறுத்தது, வாசனை போனது, தாழ்ந்த குரலே தனக்குக் கத்தலாகக் கேட்பது, புரை ஏறுவது – இந்த நான்கையும் குரலோடு சேர்த்து வைத்தால் தொண்டையோடு நின்றுவிட முடியாது. மூளை நரம்பையும் பார்த்தாக வேண்டும். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்து அசைவுகள் மந்தமாகும் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். நேரில் சோதிக்காமல் அதற்கு மேல் சொல்வது தவறு. இந்த மாதமே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலை. அந்த அசிடிட்டி மாத்திரையின் அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். ரேபிப்ரசோல் அல்லது பான்டோப்ரசோலுடன் ‘லெவோசல்பிரைடு’ என்று இருக்கிறதா? இந்த மருந்து மூளையில் டோபமைன் வேலை செய்வதைத் தடுத்து, பார்க்கின்சன் போலவே இறுக்கத்தையும் மந்தத்தையும் உண்டாக்கக்கூடும்; வயதான பெண்களில் அபாயம் கூடுதல். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைச்சுற்றலுக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனாரிசின் எல்லாம் இதே வகை. இருந்தால், கொடுத்த மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். மருந்தால் வந்த மந்தம் விலகச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை ஆகும். உங்கள் அம்மாவுக்குப் பிரச்சினை மாத்திரைக்கு ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது, வாசனையும் போயிருக்கிறது. ஆகவே எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட முடியாது. ஆனால் இருப்பதை அது கூட்டியிருக்கலாம்.

பிருகா ஏன் முதலில் போகிறது? ஐந்தரைக் கட்டையில் ஆதார ஷட்ஜம் நொடிக்குச் சுமார் 208 அதிர்வு. மேல் பஞ்சமத்தை (மேல் ‘ப’) தொடும்போது, ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத இரண்டு குரல்நாண்கள் நொடிக்கு 620 முறைக்கு மேல் மூடித் திறக்க வேண்டும். அதற்கு அவற்றை இழுத்து விறைப்பாக்கும் தசையும் வேண்டும், மூச்சின் அழுத்தமும் வேண்டும். பார்க்கின்சனில் தசை செத்துப்போவதில்லை. அசைவின் அளவு சுருங்குகிறது. எழுத்து சிறுக்கிறது, நடை சிறுக்கிறது, அதே கணக்கில் குரலும் சிறுக்கிறது. மூச்சும் குட்டையாவதால் நீண்ட சங்கதிகள் பாதியில் அறுபடும். தன் குரலின் அளவை மூளை தப்பாகக் கணிப்பதும் இந்த நோயின் ஒரு பகுதி. ‘கத்தித்தானே பேசறேன்’ என்று அவர் சொல்வது வீம்பு இல்லை. அவருக்கு அப்படித்தான் கேட்கிறது. தயவுசெய்து அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஆதி தாளத்தை வேகமாக, நிறுத்தாமல் 20 ஆவர்த்தனம் போடச் சொல்லுங்கள். ஒரு கையில், போகப்போகத் தட்டு சின்னதாகிறதா, இடையில் தயங்கி நிற்கிறதா? நரம்பியல் மருத்துவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்லிப் பார்ப்பதும் இதையேதான். நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குகிறதா, ரவிக்கை ஊக்கு மாட்ட நேரமாகிறதா, தூக்கத்தில் கத்துவது உதைப்பது உண்டா, மலச்சிக்கல் உண்டா என்று எழுதிக்கொண்டு போங்கள். நடுக்கம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் தொடங்கும். இதை உறுதிசெய்ய வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மருத்துவர் சோதித்துப் பார்ப்பதுதான் பிரதானம், எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரும்பாலும் வேறு காரணங்களை விலக்கத்தான்.

தொண்டையையும் மறுபடி பார்க்க வேண்டும், ஆனால் வேறு முறையில். வாய்வழியாக விடும் கருவிக்கு நாக்கை வெளியே இழுத்துப் பிடிப்பார்கள். அப்போது ‘ஈ’ என்று இழுக்கலாமே தவிரப் பாட முடியாது. பாடகிக்கு அது போதாது. மூக்குவழி விடும் வளையும் கருவி, அதோடு நாண்களின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோபி விளக்கு உள்ள இடமாகக் கேளுங்கள். மூக்கில் மரத்துப்போகும் மருந்து அடித்துவிட்டு, தம்புராவைப் போட்டு, எந்த ஸ்வரத்தில் குரல் விழுகிறதோ அதையே பாடச் சொல்ல வேண்டும். நாண்கள் வில்போல வளைந்து நடுவே இடைவெளி விட்டால், காற்று வெளியேறும் காரணம் கண்ணுக்கே தெரியும். இது வயதாலும் வரும், பார்க்கின்சனாலும் வரும். ஒரு நாண் அசையவே இல்லை என்றால் கதை வேறு: இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி மகாதமனியைச் சுற்றித்தான் மேலே வருகிறது, ஆகவே கழுத்தோடு மார்பையும் சி.டி. எடுத்தாக வேண்டும். அம்மாவுக்குத் தைராய்டு அறுவை எப்போதாவது நடந்ததா என்பதையும் சொல்லுங்கள். மேல் ஸ்தாயிக்கான நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகிறது. தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். பார்க்கவில்லையென்றால் பார்த்துவிடுங்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகாது என்றால், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டை, நரம்பியல் இரண்டு பிரிவுகளும் உண்டு.

போகும்போது ஒரு பதிவு கொண்டுபோங்கள். செல்போன் வாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி, எப்போதும் அதே இடத்தில் இருக்கட்டும். மத்திய ஷட்ஜத்தில் ஒரே மூச்சில் ‘ஆ’, மூன்று தடவை; 10 நொடிக்குக் கீழே விழுந்தால் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு சரளி வரிசை மூன்று காலத்திலும், கடைசியாகச் செய்தித்தாளில் ஒரு பத்தி. மாதம் ஒரு முறை போதும். பார்க்கின்சனுக்கு மருந்து தொடங்கினால், அதன் பிறகு மாத்திரைக்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் எடுங்கள்.

பார்க்கின்சன் என்று உறுதியானால், மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மாத்திரையைத் தருவார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுவது நல்லது. பருப்பும் தயிரும் நிறைந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து மூளைக்குப் போய்ச் சேருவது குறையும். தானாக நிறுத்தவே கூடாது. கைகாலுக்குத் தரும் பலனை இந்த மாத்திரை குரலுக்கு அவ்வளவாகத் தராது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குரலுக்கு வேலை செய்வது பயிற்சிதான். எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற குரல் பயிற்சி முறையில் வாரம் 4 நாள், 4 வாரம், ஆக 16 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பலத்த நீண்ட ‘ஆ’, ஏறும் ‘ஆ’, இறங்கும் ‘ஆ’, தினமும் பேசும் பத்து வாக்கியங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை, ‘சத்தமாக’. இதைத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரிடம்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் பாடகிகள் சத்தம் என்றதும் கழுத்தை இறுக்குவார்கள். பயிற்சி முடிந்த பிறகும் தினமும் வீட்டில் செய்யாவிட்டால் பலன் கரைந்துவிடும். இடைவெளி பெரிதென்றால் நாணுக்குள் ஹயலுரானிக் அமிலம் ஊசியாகப் போட்டு நிரப்பலாம். சில மாதம் தாங்கும். பேச்சு தெளியும், பிருகா திரும்பாது.

இவ்வளவு செய்தும் மேல் ஸ்தாயி வராமல் போகலாம். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் கடைசியாகக் கச்சேரி செய்தது 2009இல். பாட முடியாததற்குப் பார்க்கின்சன்தான் காரணம் என்று 2013இல் சொன்னார். பிறகு அது அதன் உறவுக்கார மூளை நோயான பி.எஸ்.பி. (புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி) என்று திருத்தப்பட்டது. பெயர் இப்படி மாறுவது அபூர்வமில்லை. ஆகவே பின்பக்கமாக விழுவது, படியிறங்கும்போது கண்ணைத் தாழ்த்த முடியாமல் போவது, லெவோடோபா சாப்பிட்டும் பலன் தெரியாமல் இருப்பது ஆகியவை தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புரை ஏறுவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக, பேசாமல் குடிக்கட்டும்; அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தை இன்றோடு விடச் சொல்லுங்கள். குடித்த பிறகு குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ விழுங்கும் பரிசோதனை தேவை.

அதிமதுரம்? ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டாம்; நாள்பட எடுத்தால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பனங்கற்கண்டு பால் இதமாக இருக்கும், நாணில் எதையும் மாற்றாது. ஆவி பிடிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் தைலம் போடாத வெறும் நீராவி. கை தடுமாறுகிறவர் மடியருகே கொதிநீர்ப் பாத்திரம் வைக்கக் கூடாது. மென்தால் மிட்டாய் தொண்டையை உலர்த்தும். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுப்பதும் ஓய்வாகாது.

டிசம்பர் கச்சேரி: பரிசோதனை முடியும்வரை சபாவுக்கு ‘உறுதியில்லை’ என்று இப்போதே சொல்லிவிடுவது மரியாதை. மருத்துவர் சம்மதித்தால் சுருதியை நாலரைக்கு இறக்கி, ஒரு மணி நேரத்துக்குள், கூடப் பாட ஒரு சிஷ்யையோடு, மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு மட்டும் ஸ்டீராய்டு ஊசி போட்டு ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீக்கமே இல்லாத நாணில் அது எதைக் குறைக்கும்? வகுப்புகளை நிறுத்த வேண்டாம். இடுப்பில் கட்டும் சின்ன ஸ்பீக்கரும் காதோடு மாட்டும் மைக்கும் இருந்தால், ஆறு பேர் உட்கார்ந்த அறைக்கு இப்போதுள்ள குரலே போதும்.