ஒப்பாரிக்கு எந்த டெம்ப்ளேட்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பணியில் இருந்தபோது புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் கேட்ட தாலாட்டு, ஒப்பாரி என நூற்றிருபது பாடல்களை எழுதிவைத்திருக்கிறேன். பாதியை அந்தக் காலத்தில் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கினேன். சில பாடல்கள் பாட்டிகளின் குரலிலேயே கேசட்டில் இருக்கின்றன. இவற்றை வலைத்தளமாக்க வேண்டும். பிளாகர் போதும் என்கிறார் ஒரு நண்பர். விக்ஸ்தான் எளிது என்கிறார் இன்னொருவர். பேரன் வேர்ட்பிரஸ் என்கிறான். ஒரு வாரமாக டெம்ப்ளேட், அதாவது தளத்துக்கான ஆயத்த வடிவமைப்புகள், பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே அழகாக இருக்கின்றன. எதை எடுப்பது?

க., புதுக்கோட்டை

அன்புள்ள க. அம்மா அவர்களுக்கு,

ஜவுளிக்கடைப் பொம்மைக்கு எந்தச் சேலையைச் சுற்றினாலும் எடுப்பாகத்தான் இருக்கும். டெம்ப்ளேட்டின் மாதிரிப் பக்கமும் அப்படித்தான். மூன்று சொல்லில் ஓர் ஆங்கிலத் தலைப்பு, கீழே மலை, காப்பிக் கோப்பை, சிரிக்கும் இளம்பெண். உங்களிடம் இவை எதுவும் இல்லை. இருப்பது நாற்பது அடி ஒப்பாரி.

ஆகவே டெம்ப்ளேட் பார்ப்பதைச் சில நாள் நிறுத்திவையுங்கள். தொகுப்பிலேயே நீளமான ஒப்பாரி ஒன்றை எடுத்து, பாடியவர் ஊர், சொற்பொருள், ஒலிப்பதிவு எல்லாவற்றோடும் ஒரு பக்கமாக முழுமையாக அமையுங்கள். பிறகு எந்த டெம்ப்ளேட் கண்ணில் பட்டாலும் இந்தப் பக்கத்தை அதில் போட்டுக் கைபேசியில் திறந்து பாருங்கள். நீண்ட அடி மடங்கும்போது அடுத்த அடி எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறதா? மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்கின்றனவா? ஆங்கிலத்துக்காக அளந்துவைத்த வரி இடைவெளி தமிழுக்குப் பெரும்பாலும் போதாது. எழுத்துருவையும் கவனியுங்கள். டெம்ப்ளேட் சொல்லும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், அந்தக் கைபேசியில் எது இருக்கிறதோ அதில்தான் தெரியும். கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இலவசம். அவற்றை நீங்களே குறிப்பிட்டுவிடலாம்.

நான் இதையெல்லாம் பணம் கொடுத்துக் கற்றேன். முதலில் வாங்கிய டெம்ப்ளேட்டில் கட்டுரையின் முதலெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஓர் அலங்காரம் இருந்தது. அதற்காகவே வாங்கினேன் என்றும் சொல்லலாம். ‘கொல்லை’ என்று தொடங்கிய கட்டுரையை ஏற்றினேன். ‘க’ மட்டும் யானை அளவில் நின்றது. அதன் கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றன. விற்றவர்களுக்கு எழுதினேன். எங்கள் கணினியில் சரியாகத் தெரிகிறதே என்று பதில் வந்தது. அவர்கள் கணினியில் இருந்தது ஆங்கிலம்.

இனி, கருவி. உள்ளே நுழைவது மூன்றிலும் எளிது. வெளியே வரும் வழியைப் பாருங்கள். ஜியோசிட்டீஸ் என்றொரு இலவச இடம் இருந்தது. எத்தனையோ பேரின் முதல் வலைப்பக்கம் அங்கேதான் பிறந்தது. யாஹூ அதை 2009இல் மூடியது. வேர்ட்பிரஸ் பிறந்த கதை இதற்கு நேரெதிர். பி2 என்ற மென்பொருளை எழுதியவர் அதைக் கவனிக்காமல் விட்டபோது, யாரும் எடுத்து வளர்க்கலாம் என்ற உரிமத்தில் அது இருந்ததால், மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003இல் அதிலிருந்து வேர்ட்பிரஸைத் தொடங்கினார்கள். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறொரு சர்வரில் வைக்க முடியாது. கடை விளம்பரம் என்றால் பரவாயில்லை. உங்களுடையது ஆவணம், நான் வேண்டாம் என்பேன். பிளாகர் இலவசம், எழுதியதை ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பேரன் ஊரில் இருந்து பராமரிப்பான் என்றால் வேர்ட்பிரஸ். இல்லையென்றால் பிளாகர் போதும். வேர்ட்பிரஸ் எடுத்தால் 2010 முதல் அவர்களே ஆண்டின் பெயரில் வெளியிட்டுவரும் இலவச டெம்ப்ளேட்களில் ஒன்று போதும். தீம் என்பார்கள். பார்க்கப் பரமசாதுவாக இருக்கும்.

இரண்டிலும் தமிழுக்கென்றே சில இடறல்கள் உண்டு. தமிழில் தலைப்பிட்டால் பிளாகர் அதைப் பக்கத்தின் முகவரியில் சேர்க்காது. ‘பிளாக் போஸ்ட்’ என்று போட்டு ஓர் எண்ணை ஒட்டிவிடும். வேர்ட்பிரஸ் சேர்த்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒன்பது குறிகளாக விரித்து. காலும் புள்ளியும் சுழியும்கூடத் தனிக் குறிகள்தான். ‘தாலாட்டு’ என்ற ஒரு சொல் 72 குறிகளாகிவிடும். முகவரிக்கு வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் எல்லை 200. அந்த நீளத்தில் மூன்று சொல் வந்தாலே முகவரி நடுவில் அறுந்துபோகும். வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் சிறிய முகவரி ஒன்றை நீங்களே கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: முகப்புப் பக்கத்துக்கான சுருக்கத்தை வேர்ட்பிரஸிடம் விட்டால் முதல் 55 சொற்களை எடுத்து ஒட்டும். அடிபிரிப்பெல்லாம் போய், ஒப்பாரி உரைநடையாகக் கிடக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் உங்கள் கையாலேயே இரண்டு வரி அறிமுகம் எழுதிப்போடுங்கள்.

பாமினியில் இருப்பவற்றை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். யுனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கைப்பிரதியோடு ஒப்பிட்டுப் படியுங்கள். வட்டார உச்சரிப்பை நீங்கள் எழுதியபடியே டிடிபி கடைக்காரர் விட்டுவைத்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

தளத்தின் பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். பேரன் பெயரில்கூட வேண்டாம். என் நண்பர் ஒருவர் தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரிலேயே அதை விட்டுவைத்தார். அந்த ஆள் தொழிலை மாற்றிக்கொண்டு போன பிறகு புதுப்பிக்க வழியில்லாமல் பெயரே கைநழுவிப் போனது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேசட்டுகள். டெம்ப்ளேட் அடுத்த ஆண்டும் கிடைக்கும். நாடா அதுவரை காத்திருக்காது. ஓடும் நிலையில் ஒரு டேப்ரெக்கார்டர் தேடிப் பிடித்து, கணினியோடு இணைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சுருக்காத மூலக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில் வைத்துக்கொண்டு, தளத்துக்கு எம்பி3 போடுங்கள். பாடிய பாட்டிகள் இருந்தால் அவர்களிடம், இல்லையென்றால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் பக்கம் தயாரானதும் இணைப்பை எனக்கு அனுப்புங்கள். என்னுடைய பழைய கைபேசியில் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.