இன்ஜின் இடுக்கில் இறுகிய அழுக்கு: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: மாதம் ஒரு முறை வாட்டர் வாஷ் கொடுக்கிறேன். ஆனாலும் என் 150 சிசி பைக்கில் சிலிண்டர் ஃபின்களுக்கு (சூட்டை வெளியேற்றும் தகடுகளுக்கு) நடுவிலும் கார்புரேட்டருக்குக் கீழேயும் கறுப்பாக இறுகிய அழுக்கு போகவே மாட்டேன் என்கிறது. பெட்ரோல் ஊற்றித் தேய்க்கலாமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பரவி நிற்கும்; ஒரு சின்னப் பொறி போதும், பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் அல்லது கடையில் கிடைக்கும் டீக்ரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) போதுமானது.

அது வெறும் மண்ணாக இருந்தால் தண்ணீரிலேயே போயிருக்கும். கசிந்த ஆயிலும் தூசியும் சேர்ந்து சூட்டில் வெந்து ஒட்டிக்கொண்ட படிவு அது. காற்றில் குளிரும் இன்ஜினில் ஃபின் இடைவெளி வழியாகக் காற்று ஓடினால்தான் சூடு இறங்கும். சிலிண்டரின் பின்பக்கத்துக்கு ஏற்கெனவே காற்று குறைவு. அங்கே அடைத்தும் கொண்டால், அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டி வீணாகச் சூடேறும்.

இன்ஜின் முழுக்க ஆறட்டும். ஏர் ஃபில்டர் வாய்க்கும் சைலன்சர் முனைக்கும் பிளாஸ்டிக் பை கட்டுங்கள். ஸ்பார்க் பிளக்கின் கேப் அதன் இடத்திலேயே இருக்கட்டும். முதலில் ஈரமில்லாமல் சுரண்ட வேண்டும். தென்னை ஈர்க்குச்சி, ஐஸ்கிரீம் குச்சி இரண்டும் இதற்கு அருமையானவை. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் வார்ப்பு அலுமினிய ஃபின் பட்டென்று உடையும்.

அடுத்து அரை இஞ்ச் பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். மொத்த வேலைக்கும் 150 மில்லி தாராளம். பிறகு பழைய பனியனை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து மண்ணெண்ணெயில் நனைத்து, ஃபின் இடைவெளிக்குள் நுழைத்து இரு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுங்கள். பிரஷ் எட்டாத பின்பக்கம் இப்படித்தான் சுத்தமாகும். பிரேக் டிஸ்க்கிலோ டயரிலோ மண்ணெண்ணெய் படக்கூடாது.

கடைசியாக ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்து கழுவி, மக்கில் மொண்டு அலசினால் போதும். ஜெட் பிரஷரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் வயரிங் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிவிடும். காஸ்டிக் சோடா, டாய்லெட் ஆசிட் இரண்டும் அலுமினியத்தை அரித்துவிடும். பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள்.

துடைத்த பிறகு சில நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் மறுபடி ஈரம் படிந்தால் அது அழுக்கு அல்ல, கசிவு. வால்வை அட்ஜஸ்ட் செய்யத் திறக்கும் டாப்பெட் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஹெட் கவர் கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகடு), சிலிண்டர் அடி கேஸ்கெட் என்று மேலிருந்து கீழாகத் தேடுங்கள். ஆயில் எப்போதும் கீழ்நோக்கித்தான் வழியும்.

கேள்வி: மழையில் போனாலும் சரி, வாட்டர் வாஷ் செய்தாலும் சரி, வண்டி கொஞ்ச நேரம் திணறித் திணறி ஓடுகிறது. ஹெட்டில் (சிலிண்டருக்கு மேல் உட்காரும் பாகத்தில்) வெள்ளையாகப் பொடியும் பூக்கிறது.
- வாசகி, திருவான்மியூர்

பதில்: பிளக் உட்காரும் குழியில் தண்ணீர் தேங்குகிறது என்றே தோன்றுகிறது. பல இன்ஜின்களில் அந்தக் குழியிலிருந்து ஹெட்டின் பக்கவாட்டுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் வடிவதற்காகவே வைத்தது. அது மண்ணால் அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் வெளியிலிருந்து குத்தி எடுங்கள். பிறகு பிளக் கேப்பைக் கழற்றி, பஞ்சர் கடைக் காற்றால் குழியை ஊதுங்கள். ஊதாமல் பிளக்கைத் திருகிக் கழற்றினால் மணல் நேராக சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனையும் சுவரையும் கீறும். இந்த ஒரு வரிசையை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள்.

புதுப் பிளக் என்றால் கையால் இறுகும்வரை திருகி, அதன்பின் ஸ்பேனரில் அரைச் சுற்று. பழைய பிளக்குக்கு அதில் கால்வாசி போதும். பிளக் கேப் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வெள்ளைப் பொடி கடல் காற்றின் உப்பு அலுமினியத்தில் செய்யும் வேலை. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். உப்பு போர் தண்ணீரில் கழுவினால் பலனில்லை.

கேள்வி: செயின் சுத்தம் செய்கிறேன், முன் ஸ்பிராக்கெட் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) மூடிக்குள்ளும் கை வைக்க வேண்டுமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: கட்டாயம். செயின் உதறும் எண்ணெயும் மணலும் அங்கேதான் சேறாகக் கட்டிக்கொள்ளும். அந்தச் சேறு திரும்பச் செயினில் ஏறி அதைத் தேய்க்கும். கியர் லிவர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். மூடி போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும், கழற்றிய வரிசையிலேயே அட்டையில் செருகி வையுங்கள். சேற்றை மரக்குச்சியால் வழித்தெடுங்கள். ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீலின் (ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உதட்டில் கூர்மையான எதுவும் படக்கூடாது. நியூட்ரல் சுவிட்ச் வயரும் பல வண்டிகளில் அங்கேதான் ஓடும், இழுத்துவிடாதீர்கள். சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைத்தால் துணியோடு விரலும் உள்ளே போய்விடும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை, செயின் செட் மாற்றும்போதெல்லாம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்.