தனிக்கூண்டில் வாடும் குரங்குக்குப் பொம்மை போதுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஓர் ஆய்வு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவில் அறிவியல் துறை சாராத உறுப்பினராக இருக்கிறேன். அங்குள்ள அனிமல் ஹவுசில் ரீசஸ் இனப் பெண் குரங்கு ஒன்று ஓராண்டுக்கும் மேலாகத் தனிக்கூண்டில் இருக்கிறது. கையிலுள்ள முடியைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. கூண்டுக்குள் ஓயாமல் வட்டமிடுகிறது. துணை சேர்த்தால் சண்டையிட்டுச் செத்துவிடும் என்கிறார்கள். பொம்மைகளும் அவற்றுக்கான பதிவேடுகளும் சேர்த்துத் தருவதாக ஓர் ஆலோசகர் வந்திருக்கிறார். ஒப்புதல் தரலாமா? ஆய்வு முடிந்தபின் அந்தக் குரங்கு என்னவாகும்?

பதில்: பொம்மைக்கு இப்போது ஒப்புதல் தராதீர்கள். அந்தக் குரங்குக்கு வேண்டியது இன்னொரு குரங்கு. ரீசஸ் பெண் குரங்கு தான் பிறந்த கூட்டத்திலேயே, தாயும் தமக்கையரும் சூழ, வாழ்நாளைக் கழிக்கும் இயல்புடையது. ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதில் அவை செலவிடும் நேரம் வெறும் துப்புரவு வேலைக்கானதன்று. அவற்றின் உறவே அதில்தான் நிற்கிறது. பேன் பார்க்க ஓர் உடல் கிடைக்காத குரங்கு தன் உடலையே பார்க்கத் தொடங்குகிறது, அது நாளடைவில் முடி பிடுங்குவதாகவும், முற்றினால் தன்னைத் தானே கடித்துக்கொள்வதாகவும் மாறுகிறது.

ஆயினும் முதலில் கால்நடை மருத்துவர் தோலைச் சோதித்து, பூஞ்சையோ ஒட்டுண்ணியோ இல்லை என்று எழுதித் தரட்டும். ரீசஸ் குரங்குகளுக்குப் பருவத்தை ஒட்டியும் முடி உதிரும். கைக்கும் வாய்க்கும் எட்டும் இடங்களில் மட்டும் முடி போயிருந்து, எட்டாத நடுமுதுகு அடர்த்தியாக இருந்தால், காரணம் பெரும்பாலும் தனிமையே என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். பார்க்கும்போது கூண்டுக்குள் கைவிட்டுத் தடவவோ பழம் ஊட்டவோ வேண்டாம். இவ்வினக் குரங்குகள் பல, தமக்கு அதிகத் தொல்லையின்றிச் சுமந்து திரியும் பி வைரஸ் என்னும் ஒருவகை அக்கிக் கிருமி, கடியின் வழியே மனிதருக்குள் போனால் மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும்.

சண்டை வரும் என்று அவர்கள் சொல்வது முழுப் பொய்யன்று. முன்பின் அறியாத இரண்டு குரங்குகளை ஒரே கூண்டில் திடீரென விட்டால் இரத்தம் வரும். ஆனால் அப்படி விடச் சொல்பவர் யாருமில்லை. இரண்டு கூண்டுகளையும் அருகருகே வைத்து, நடுவில் கம்பி வலை மட்டும் இருக்குமாறு செய்து, பல நாட்கள் பார்க்க வேண்டும். உதட்டைச் சப்புக்கொட்டுவதும், முதுகையோ பின்புறத்தையோ வலைப்பக்கம் காட்டுவதும், வலை வழியே பேன் பார்ப்பதும் நல்ல குறிகள். பல்லை இளிப்பதைச் சிரிப்பென்று எண்ணிவிடாதீர்கள், அது பெரும்பாலும் அச்சமும் பணிவும் கலந்த முகம். ஒன்று விலகி வழிவிட, மற்றொன்று விரட்டாமல் இருந்தால், யார் பெரியவர் என்பது முடிவாகிவிட்டது என்று பொருள். அதன் பிறகு, இரண்டுக்குமே புதிதான ஒரு கூண்டில், வேலை நாளின் காலைப்பொழுதில், நாள் முழுதும் ஒருவர் அருகிலிருந்து கவனிக்கச் சேர்க்க வேண்டும். தீவனமும் தண்ணீரும் இரண்டிரண்டு இடங்களில் இருக்கட்டும். மிரண்டால் குரங்கு மேல்நோக்கியே ஓடும் என்பதால் உயரத்தில் இரண்டு இருக்கைப் பலகைகளும், ஒன்றின் பார்வையிலிருந்து மற்றது ஒளிய ஒரு தடுப்பும் வேண்டும். வயது வந்த பெண்ணுக்கு இளங்குட்டி ஒன்றைத் துணையாக்குவது பொதுவாக எளிது.

இனி அந்த ஆலோசகரைப் பற்றி. எலிகளுக்காக எழுதிய கோப்பில் பெயரை மாற்றிக் குரங்குக்கும் விற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் ரப்பர்ப் பந்துகள் கூண்டின் அடித்தட்டில் சாணத்தோடு கிடந்தன. பதிவேட்டிலோ அடுத்த மாதத்துக்கான கையொப்பங்கள்கூட முன்கூட்டியே போடப்பட்டிருந்தன! கண்காணிப்புச் சோதனைக்கு வருபவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தேநீர் குடித்துப் போகும் வரை இந்த வணிகம் ஓயாது. அதே பணத்தில் வைக்கோலையோ மரச்சீவலையோ ஒரு தட்டில் பரப்பி, அன்றாடத் தானியத்தில் ஒரு பங்கை அதில் தூவச் சொல்லுங்கள். காட்டில் பகலின் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே கழிக்கும் விலங்குக்குச் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் தீவன வில்லையைக் கொடுத்துவிட்டு, மீதிப் பகல் முழுவதும் அது சும்மா இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது கொடுமை. கூண்டின் நகரும் பின்பலகையை இழுத்து, குரங்கை அசையவிடாமல் நெருக்கி ஊசி போடுவதற்குப் பதிலாக, திராட்சையோ கடலையோ கொடுத்துக் கையைத் தானே நீட்டப் பழக்க முடியும். அதற்கு வேண்டியது பொறுமையுள்ள, அடிக்கடி மாற்றப்படாத ஒரு பராமரிப்பாளர்.

துணைக்குரங்கை வாங்கும்போதுதான் மிகப்பெரிய மோசடி நடக்கிறது. 2022ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத் திருத்தத்தில் ரீசஸ் குரங்கு, பாதுகாக்கப்படும் விலங்குகளின் அட்டவணைகளிலிருந்து விடுபட்டுப்போனதைக் காட்டி, "இப்போது எந்தத் தடையுமில்லை" என்று தெருவில் பிடித்த குரங்கைக் கொண்டுவரும் தரகர்கள் இருக்கிறார்கள். ஆய்வு விலங்குகள் பதிவுபெற்ற வளர்ப்பிடத்திலிருந்து வர வேண்டும் என்ற 1998ஆம் ஆண்டு விதிகள் அப்படியேதான் உள்ளன. உங்கள் நிறுவனத்திலேயே தனியாக இருக்கும் இன்னொரு குரங்கு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

ஆய்வு முடிந்தபின் அதைப் பேணும் பொறுப்பு ஆய்வாளருடையது, அதற்கான செலவு ஆய்வின் செலவிலேயே அடங்க வேண்டும் என்பது விதி. கருணைக்கொலைக்கு இடம் தருபவை மூன்றே நிலைகள்: தானாக இயங்கவோ சூழலை உணரவோ முடியாதபடி முடங்கிப்போவது, தீராத கடும் வலி, உயிரோடு விட்டால் மனிதருக்கோ பிற விலங்குகளுக்கோ உயிராபத்து. மூன்றாவதைத்தான் இழுத்து நீட்டுகிறார்கள், ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். காசநோய்ச் சோதனைக்கு மேல் இமையில் டியூபர்குலின் என்னும் சோதனை மருந்தை ஊசியால் செலுத்தி, 24, 48, 72 மணி நேரங்களில் வீக்கம் பார்ப்பார்கள். ஊசி குத்திய காயத்தாலும் இமை வீங்கலாம். ஒரே ஒரு வீங்கிய இமையைக் காட்டி "ஆபத்து" என்று எழுதி ஒரு விலங்கை முடித்துவிடுவது எளிது. பராமரிப்புச் செலவும் மிச்சம். குரங்கைத் தனிமைப்படுத்தி, மறுசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்த பிறகே கருணைக்கொலைக்கான தாள் உங்கள் முன் வர வேண்டும். நோய் உறுதியானால், மற்ற குரங்குகளைக் காக்க அந்த முடிவு நியாயமே. எனினும் நோய் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள், ஏனெனில் குரங்குக்குக் காசநோயைக் கொடுப்பவர் பெரும்பாலும் இருமிக்கொண்டே வேலைக்கு வரும் மனிதர்தான்.

குரங்கினத்தின் மனநலத்துக்கு ஏற்ற சூழல் வேண்டும் என்று அமெரிக்கா 1985இலேயே சட்டத்தில் எழுதிவிட்டது. 1978இல் குரங்கு ஏற்றுமதியையே நிறுத்திய நம் நாட்டில், ஒரு குரங்குக்குத் துணை கேட்க ஓர் ஆசிரியை தயங்கித் தயங்கிக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல், கால்நடை மருத்துவரின் தோல் அறிக்கை, துணை சேர்க்கும் திட்டம், ஆய்வுக்குப் பிந்தைய பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் உங்கள் மாற்றுக்கருத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்து, அதன் நகலை, முன்பு சிபிசிஎஸ்இஏ என்றும் இப்போது சிசிஎஸ்இஏ என்றும் அழைக்கப்படும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு உங்கள் நெறிமுறைக் குழுவுக்கு நியமித்துள்ள பிரதிநிதிக்கு அனுப்புங்கள்.