முட்டி உள்ளே சாய்ந்தால் அதோடு நிறுத்துங்கள்: பெண்கள் கால்பந்து கேள்வி-பதில்

உசிலம்பட்டிப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை: மாலையில் ஒரு மணி நேரம்தான் கிரவுண்ட். காயத்தைத் தடுக்க ஃபிஃபா வகுத்த ‘ஃபிஃபா 11+’ வார்ம்-அப்புக்கே 20 நிமிடம் போனால் பிள்ளைகள் எப்போது பந்தைத் தொடுவது?

வாரத்துக்கு 2 நாளாவது முழுசாகச் செய்யுங்கள், மேடம். முதலில் ஓட்டம் 8 நிமிடம், அடுத்து வலு, தாவல், சமநிலை 10 நிமிடம், கடைசியில் வேக ஓட்டம் 2 நிமிடம். நேரம் இடித்தால் நடுப்பகுதியைப் பயிற்சியின் முடிவுக்குத் தள்ளலாம், வெட்டிவிடாதீர்கள். மேட்ச் அன்று மட்டும் அதை விட்டுவிட்டு, ஓட்டப் பகுதிகள் இரண்டும் போதும். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் இந்த வார்ம்-அப்பை வைத்து நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதிலும் விடாமல் செய்தவர்களுக்கே பலன் கூடுதல்.

திருமங்கலம் கோச்: குதித்து இறங்கும்போது பலருக்கு முட்டி உள்பக்கம் சாய்கிறது. சொன்னாலும் திருந்தவில்லை.

இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், சார். முழங்கால் ஜவ்வு பெரும்பாலும் யாரும் இடிக்காமலே கிழிகிறது: இறங்கும்போதும், சட்டென்று திரும்பும்போதும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. வாயால் சொல்வதைவிடக் காட்டுவது பலிக்கும். போனை முட்டி உயரத்தில் வைத்து, நேர் எதிரிலிருந்து வீடியோ எடுத்து அந்தப் பிள்ளையிடமே காட்டுங்கள். முட்டி பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்க வேண்டும். இடுப்பும் முட்டியும் மடங்க, பூனை போலச் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். ‘தொப்’ என்று கேட்டால் கால் விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் சில வாரம் இரண்டு காலிலும் இறங்கி 2 விநாடி அசையாமல் நிற்கட்டும். அது படிந்த பிறகே ஒற்றைக்கால். தாவலுக்கு 30 விநாடி கணக்கு இருந்தாலும், முட்டி சாய ஆரம்பித்த நொடியே நிறுத்துங்கள். சோர்ந்த பிறகு செய்யும் ஒவ்வொரு தாவலும் தப்பான இறக்கத்தையே பழக்குகிறது. பக்கவாட்டு பிளாங்கை (ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி உடலை நேராகத் தூக்கி நிறுத்துவது) விடவே கூடாது. இடுப்புத் தசை தளர்ந்திருந்தால் முட்டி தானாக உள்ளே போகும்.

மதுரைக் கல்லூரி வீராங்கனை: நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் (மண்டியிட்டு முன்பக்கம் மெல்லச் சாயும் பின்தொடைப் பயிற்சி) செய்த மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். எடுத்த எடுப்பில் 10 செய்திருப்பீர்கள். தொடக்கத்தில் 3 முதல் 5 போதும். சில வாரம் கழித்து 7 முதல் 10. தோழி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முட்டியிலிருந்து தோள்வரை ஒரே கோடாக மெல்லச் சாயுங்கள். இடுப்பை மடக்கினால் வேலை தொடையை விட்டு நழுவிவிடும். காய்ந்த செம்மண் தரையில் முட்டிக்கடியில் சாக்கை மடித்துப் போடுங்கள். ஓடும்போது சுருக்கென்று ஒரே இடத்தில் வலித்தால் அது பிடிப்பு இல்லை, காயம், பிசியோவிடம் காட்டுங்கள்.

மேலூர் தாய்: நம்ம ஊர் சேது எஃப்.சி. 2018-19 இந்திய மகளிர் லீக்கை ஜெயித்ததிலிருந்து மகளுக்குக் கால்பந்துதான் உயிர். மாதவிடாய் நாளில் ஆடலாமா?

தாராளமாக, அம்மா. வலி அதிகம் என்றால் அன்று குறைத்துக்கொள்ளட்டும். ஒழுங்காக வந்த மாதவிடாய் 3 மாதம் நின்றுபோனால்தான் கவலை. ஆடும் அளவுக்குச் சாப்பிடாத பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், எலும்பும் பலவீனப்படும். வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பயிற்சி முடிந்ததும் முட்டையோ சுண்டலோ கையில் கொடுத்தனுப்புங்கள்; இரவுச் சோறுவரை வெறும் வயிறு வேண்டாம்.