‘ஹவுண்ட்டாக்’ படத்தில் 12 வயதுச் சிறுமியை அப்படி நடிக்க வைத்தது சரியா? அந்தப் படத்தைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் தனியாகப் பாருங்கள். நீங்கள் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் வீட்டில் பெண் குழந்தை இருக்கிறது என்று நினைக்கிறேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கிற படம் இல்லை இது.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1950களின் அமெரிக்கா, அலபாமா மாநிலத்தில் ஒரு கிராமம். லூவெலன் என்ற சிறுமிக்கு, அப்போது ஊரையே ஆட்டிவைத்த ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி என்றால் உயிர். எங்கே யாரைப் பார்த்தாலும் எல்விஸ் மாதிரி இடுப்பை ஆட்டிப் பாடிக் காட்டுவாள். அப்பா முரடர், பாட்டி பைபிளும் கையுமாக இருப்பவர். எல்விஸ் கச்சேரி டிக்கெட் தருவதாக ஆசை காட்டி வரவழைத்து, வயதில் மூத்த ஒரு பையன் அவளைப் பாலியல் வன்கொடுமை செய்துவிடுகிறான். அந்தச் சிறுமியாக நடித்தவர் டகோட்டா ஃபேனிங். 2006ல் நார்த் கரோலினாவில் படப்பிடிப்பு நடந்தபோது அவருக்கு 12 வயது. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடுவதற்கு முன்பே, ஒரு காட்சிகூடப் பார்க்காதவர்கள் எல்லாம் கொதித்தார்கள். கத்தோலிக்க அமைப்பு ஒன்றின் தலைவர் விசாரணை கேட்டார். உள்ளூர் அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போட முகாந்திரம் இல்லை என்றார்கள். கடைசியில் 2008 செப்டம்பரில் கொஞ்சம் தியேட்டர்களில் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போனது.

சரியா, தவறா? இது நடிப்பு என்று எனக்குத் தெரியாதா என்கிற மாதிரி அந்தப் பெண்ணே அப்போது பேட்டி கொடுத்தார். தன் அம்மாவையும் படப்பிடிப்பில் கூடவே இருந்த டீச்சரையும் மற்றவர்கள் திட்டியதுதான் அவருக்குக் கோபம். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அந்தக் காட்சியில் முகமும் கையும்தான் தெரிகின்றன. ஆனாலும் கதவுக்கு வெளியே கேமராவை நிறுத்தியிருந்தால் படம் ஒன்றும் குறைந்துபோயிருக்காது. இப்படிச் சொன்னதும் ஒரு பக்கம் ‘கலைக்கு எதிரி’ என்றும் இன்னொரு பக்கம் ‘அப்போ மீதியை ஆதரிக்கிறியா’ என்றும் கிளம்பி வருவார்கள். வரட்டும்.

என்னைப் பிடித்து உலுக்கியது அந்தக் காட்சி இல்லை. அதற்கப்புறம் அவளுக்குப் பாட வராமல் போகிறதே, அது.

எனக்கு அப்போது பத்து வயது. கும்பகோணம் பக்கம், ஓட்டு வீடு. தாத்தா நாடகத்துக்கு வாசித்த ஆர்மோனியப் பெட்டி வீட்டில் இருந்தது. ஆளுக்கு ஆள் ‘பிள்ளைக்கு என்ன சாரீரம்’ என்பார்கள். அப்பா ராத்திரி குடித்துவிட்டு வருவார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை அம்மா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரே உதையில் ஸ்டாண்டு விழுந்தால் நிதானமாக இருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு மூன்று தடவை தட்டித் தடவினால் என்னை எழுப்பிவிடுவாள். “போ, கதவைத் திறந்துவிட்டுப் பாடு.”

ஒரே பாட்டுதான். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் யாராவது கீழே முழுப் பல்லவியையும் எழுதிவிட்டுப் போவீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடுவேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து அழுவார். முடிந்ததும் “தட்டு வைக்கச் சொல்லு” என்பார். அம்மா சோறு போடுவாள். அன்றைக்கு அவ்வளவுதான், எல்லோரும் தூங்குவோம்.

மார்கழியில் ஒரு நாள் எனக்குச் சளி கட்டியிருந்தது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் குரல் உடைந்து ஒரு மாதிரி கிறீச்சென்றது. அப்பா எழுந்து உள்ளே போனார். முதலில் பெட்டியை உதைத்தார், துருத்தி கிழிந்தது. அப்புறம் அம்மா. மறுநாள் இடது மணிக்கட்டில் கட்டோடு அம்மா கோலம் போட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மிளகுக் கஷாயம் மட்டும் வைத்துக் கொடுத்தாள்.

அதிலிருந்து யாராவது “பாடு” என்றால் தொண்டை பூட்டிக்கொள்ளும். பெண் பார்க்க வந்தபோது “பாடத் தெரியுமா?” என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘அந்தக் காலத்தில் அடி வாங்காத பிள்ளை யாரு?’ என்று எழுதப் போகிறவர்களுக்கு: என்மேல் ஒரு அடி விழுந்ததில்லை. என் குரல் சரியாக இருந்த நாளெல்லாம் அம்மா மேலும் விழவில்லை. இதையும் படத்தில் அந்தப் பெண்ணுக்கு நடந்ததையும் ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. அம்மாவைக் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது?

அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. ஐந்தாறு வருஷம் முன்னால் ரிப்பேருக்குக் கொடுத்தேன், கடைப் பெயர் வேண்டாம். துருத்தியை மட்டும் மாற்றச் சொன்னால், என்னைக் கேட்காமல் பழைய ரீடுகளைக் கழற்றிவிட்டு ஏதோ மட்டமான செட்டைப் போட்டு 4,500 ரூபாய் வாங்கிவிட்டார். பழசு எங்கே என்றால் “அதெல்லாம் துருப்பிடிச்ச குப்பைம்மா”. தாத்தா வாசித்த ரீடு அது! இப்போது மேல் ஷட்ஜமம் அழுகிற பூனை மாதிரி இருக்கிறது. சரி, உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

படத்துக்கு வருகிறேன். சார்லஸ் என்ற கறுப்பினப் பெரியவர்தான் அவளை மறுபடி பாட வைக்கிறார். வெள்ளைக்காரச் சிறுமியைத் தேற்றுவதற்கென்றே கறுப்பர்கள் பிறந்த மாதிரி காட்டியிருப்பது எனக்கும் இடித்தது. ஆனால் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். படத்துக்குப் பெயர் தந்த ‘ஹவுண்ட் டாக்’ (வேட்டை நாய்) எல்விஸுக்கென்று எழுதின பாட்டு இல்லை. 1952ல் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு 19 வயதுப் பையன்கள் பிக் மாமா தோர்ன்டன் என்ற கறுப்பினப் பாடகிக்காக எழுதியது. எல்விஸ் பாடியது 1956ல்தான். அதற்குள் வரிகள் மாறி, முயல் பிடிக்கத் துப்பில்லாத நாயைப் பற்றிய பாட்டாகிவிட்டது. தோர்ன்டன் பாடியதில் அந்த நாய் ஒரு ஆம்பளை. வாசலைச் சுற்றிச் சுற்றி வருகிறவனைப் பார்த்து, நீ எவ்வளவு வாலை ஆட்டினாலும் இனிமேல் உனக்குச் சோறு கிடையாது என்கிறாள். படத்தில் அந்தப் பாடகியும் ஒரு பாத்திரமாக வருகிறார், ஜில் ஸ்காட் நடித்திருக்கிறார். படம் பார்க்கிறீர்களோ இல்லையோ, தோர்ன்டன் பாடியதைத் தேடிக் கேளுங்கள்.

போன மாசம் அம்மா வந்திருந்தபோது அதைப் போட்டுக் காட்டி, அர்த்தமும் சொன்னேன். “சோறு போட மாட்டேன்னா பாடறா? அடிப்பாவி!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். “அதுக்கு அவன் என்ன பண்ணினானாம்?”